கொழும்புக்கு வந்தால் துறைமுகத்திலிருந்து தொடங்குங்கள்

தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்கு வரப்போகும் யாராவது தங்கள் பயணத்திட்டத்தை எனக்கு அனுப்பி "சரியா இருக்கா, பாருங்க" என்று கேட்டால், கொழும்புக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். பெரும்பாலும் ஒரு மாலைப்பொழுதுதான் இருக்கும். கட்டுநாயக்காவில் இறங்கியதும் கண்டி, நுவரெலியா, சிகிரியா, திருகோணமலை. திரும்பிப் போகும் நாளில் காலிமுகத்திடலில் நாலு படம், கடையில் இரண்டு பெட்டி தேயிலை. அத்தோடு கொழும்பு முடிந்தது.

இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன் என்பதால் எனக்கு இதில் மனவருத்தம் உண்டு. கூடுதலாக ஒரு நாள் தங்குகிறவர்களுக்குக் காட்டப்படும் கொழும்பைப் பற்றி அதைவிடப் பெரிய வருத்தம் உண்டு. கோட்டைப் பகுதியில் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், கட்டிய ஆஸ்பத்திரி, 1857இல் எழுந்த மணிக்கூட்டுக் கோபுரம், யோர்க் வீதியில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் கார்கில்ஸ் கட்டடம், 1864 முதல் கடலைப் பார்த்தபடி இருக்கும் காலிமுக ஹோட்டல். எல்லாம் நல்ல கட்டடங்கள்தான். ஒல்லாந்தர் ஆஸ்பத்திரியின் கனத்த சுவர்களுக்குள் உச்சி வெயிலில் போய் உட்கார்ந்தால், இந்தச் சூட்டைப் புரிந்துகொண்டு கட்டியவர்கள் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இவற்றைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. இவற்றை மட்டும் பார்த்துவிட்டுப் போனால், வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், அழகான வீடுகள் கட்டினார்கள், போய்விட்டார்கள் என்ற எண்ணத்தோடு விமானம் ஏறுவீர்கள். எதற்காகக் கட்டினார்கள், யார் தோளில் சுமை ஏறியது, அந்தச் சுமையைத் தூக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தக் கட்டடங்களின் பெயர்ப்பலகைகளில் இருக்காது.

போர்த்துக்கேயர் வந்தது 1505இல். அவர்களிடமிருந்து ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்தது 1656இல். ஆங்கிலேயர் கைக்கு வந்தது 1796இல். 1815இல் கண்டியும் விழுந்தது. 1948 பெப்ரவரி 4 சுதந்திரம். இலங்கையில் படித்த எந்தப் பிள்ளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் ஆண்டுகள் இவை. முதல் இரண்டு கூட்டத்துக்கும் வேண்டியது கறுவா, அதாவது பட்டை. ஒல்லாந்தர் கறுவா பயிரிட்ட நிலத்தில்தான் இன்றைக்குத் தூதரகங்களும் பெரிய பணக்காரர்களின் பங்களாக்களும் நிற்கின்றன. கறுவாத்தோட்டம் என்றே இன்னும் சொல்கிறோம். ஆங்கிலேயர் கறுவாவோடு நிற்கவில்லை. மலைகளை வெட்டிக் கோப்பி நட்டார்கள், கோப்பி நோயில் விழுந்ததும் தேயிலை நட்டார்கள். இன்று நாம் பார்க்கும் கொழும்பு பெரும்பாலும் அந்தத் தேயிலைப் பெட்டிகளை ஏற்றி அனுப்புவதற்காக உருவான ஊர்.

அதனால்தான் துறைமுகத்திலிருந்து தொடங்கச் சொல்கிறேன். உள்ளே போய்ப் பார்க்க விடமாட்டார்கள். ஆனால் 1875இல் தொடங்கிய கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டலின் மேல்மாடி உணவகத்துக்குப் போனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முழுத் துறைமுகமும் விரிந்து கிடக்கும். கொள்கலன் அடுக்குகளுக்கும் பாரந்தூக்கிகளுக்கும் அப்பால் கடலுக்குள் நீளும் அலைதாங்கியைத் தேடிப் பாருங்கள். அதைக் கட்டுவதற்கு முன்பு கொழும்பில் கப்பல்கள் திறந்த கடலில்தான் நங்கூரமிட்டன. பெரிய கப்பல்களுக்குத் தெற்கே உள்ள காலி நகரம்தான் துறைமுகம். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1875இல் இங்கிலாந்து இளவரசர் இந்த அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டினார், 1885இல் வேலை முடிந்தது. அப்புறம் கிழக்கே போகிற கப்பல்கள் நிலக்கரி ஏற்ற நிற்கும் இடமாகக் கொழும்பு மாறியது. அந்த நிலக்கரியைச் சுமந்தவர்களில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள். நகரத்தின் மலக்கூடங்களைச் சுத்தம் செய்யவும் தென்தமிழ்நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசைவீடுகளின் சந்ததி இன்றும் இந்த ஊரில் வாழ்கிறது, அதே வேலையில் பலர் இருக்கிறார்கள்.

ரயிலையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். முதல் ரயில் 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை ஓடியது, 1867இல் கண்டியைத் தொட்டது. மக்கள் ஊர்விட்டு ஊர் போவதற்காகப் போட்ட பாதை இல்லை அது. கோப்பியை மலையிலிருந்து இறக்கப் போட்டது. அதே 1867இல்தான் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பி இலையில் துருநோய் தெரிந்தது, சில ஆண்டுகளில் கோப்பி அழிந்தது, தேயிலை மலையெங்கும் பரவியது. 1883இல் கொழும்பில் முதல் தேயிலை ஏலம் நடந்தது. அந்த ஏலம் இன்றும் ஓயவில்லை.

இந்த மலைகளுக்கு ஆட்கள் எப்படிப் போனார்கள் என்பது தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. பஞ்சத்தில் அடிபட்டுத் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணிகளின் பின்னால் கிளம்பியவர்கள் தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். பசி, வாந்திபேதி, காய்ச்சல். வழியில் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். புதைக்கக்கூட நின்றதில்லை என்று பாட்டி தன் பாட்டியிடம் கேட்டதாகச் சொல்வாள். 2023இல், மலையக மக்கள் என்று இன்று அழைக்கப்படும் இவர்கள் இங்கே வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியில் ஒரு கூட்டம் நடந்து போனது. என்னால் முழுத் தூரமும் போக முடியவில்லை. கொஞ்சத் தூரம் போனேன். தார்ரோட்டில், தண்ணீர்ப் போத்தலோடு, மோர் கொடுக்க ஆட்கள் நிற்க, அப்படியும் கால் வலித்தது.

போன வருஷம் என் பெரியப்பாவின் பேரன் கொழும்புக்கு வந்தான். கோத்தகிரியில் பிறந்த பையன், இப்போது கோயம்புத்தூரில் வேலை. எங்கள் குடும்பம் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நாலு தலைமுறை கொழுந்து பறித்த குடும்பம். சுதந்திரம் கிடைத்த 1948லேயே பிரஜாவுரிமைச் சட்டம் கொண்டுவந்து எங்களை நாடற்றவர்களாக்கினார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பிரித்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்த 1,50,000 பேரைப் பத்து வருஷம் கழித்துப் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். பெரியப்பா இந்தியப் பிரஜாவுரிமை கேட்டு எழுதினார். அப்பா இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு எழுதினார். லயம் என்று சொல்லும் தோட்டத்து வரிசைவீட்டில் ஒன்றாக வளர்ந்த அண்ணன் தம்பி. அட்டனில் ஏறி, கோச்சி (ரயில்) மாறி மாறித் தலைமன்னார் போய்க் கப்பலேறிய பெரியப்பா, நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டேன்டீ தோட்டத்தில் மறுபடியும் தேயிலை மலையில்தான் நின்றார். அங்கே அவருக்குப் பெயர் "சிலோன்காரர்". சாகும்வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். இங்கே இருந்தவரை நாங்கள் "இந்தியாக்காரர்".

பெரியப்பா கொழும்பைப் பார்த்ததே இல்லை. அவர் பறித்ததெல்லாம் இந்தத் துறைமுகம் வழியாகத்தான் போனது, அவருடைய கால் மட்டும் இந்த ஊரில் படவில்லை. அவருடைய பேரனுக்குக் கொழும்பைக் காட்ட வேண்டும் என்றால் எங்கிருந்து தொடங்குவது? கிராண்ட் ஓரியண்டலின் மேல்மாடியில் அவனை உட்கார வைத்து, துறைமுகத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். "தாத்தா சொன்ன பெட்டியெல்லாம் இங்கதான் வந்துச்சா சித்தப்பா?" என்று கேட்டான். இங்கேதான் என்றேன்.

அங்கிருந்து புறக்கோட்டைக்கு நடந்தோம். புறக்கோட்டையின் குறுக்குத்தெருக்களை நேர்கோடாக வகுத்தவர்கள் ஒல்லாந்தர். ஒரு காலத்தில் பெரிய வீடுகளும் மரநிழலுமாக இருந்த இடம். பிரின்ஸ் வீதியில் தூண் வைத்த ஒரு வீடு மட்டும் அந்தக் காலத்துச் சாட்சியாக நிற்கிறது, இன்றைக்கு ஒல்லாந்தர் அருங்காட்சியகம். அதைச் சுற்றி மிச்சமெல்லாம் கடை. முதலாம் குறுக்குத்தெருவில் மின்சாதனம், இரண்டாவதில் புடவை, நாலாவதில் மொத்தக் கொள்முதல். நாலாம் குறுக்குத்தெருவில் வெங்காய விலை ஏறினால் அன்று மாலையே நாட்டின் எந்த மூலையிலும் ஏறும்.

அந்தத் தெருவில் காலை வேளையில் ஓரமாக நின்று நாட்டாமிமாரைப் பாருங்கள். மூட்டை தூக்குகிறவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். லொறியின் விளிம்பில் நிற்கிறவர் மூட்டையின் இரண்டு காதையும் பிடித்துச் சரிக்கிறார். கீழே நிற்கிறவர் முதுகைக் காட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடித்து, கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் மடித்துப் போட்ட சாக்கின் மேல் அதை வாங்குகிறார். வாங்கிய கணத்தில் நிற்பதே இல்லை. அந்தப் பாரம் தள்ளுகிற வேகத்திலேயே நடை தொடங்கிவிடுகிறது. கடைக்குள் இருட்டில், ஏற்கெனவே ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கும் மூட்டைகளின் மேல் தோளை ஒரு வெட்டு வெட்டினால் மூட்டை சரியாக இடத்தில் போய் விழுகிறது. திரும்பி வரும்போதுதான் மூச்சு. இந்திய வெங்காயம், மைசூர்ப் பருப்பு, செத்தல் மிளகாய், சீனி. செத்தல் மிளகாய் இறக்கும் நாளில் தெருவே தும்மும். நீளமான தள்ளுவண்டியில் பத்துப் பன்னிரண்டு மூட்டையை ஏற்றி ஒருவர் முன்னால் இழுக்க, ஒருவர் பின்னால் தள்ள, "அங் அங்" என்று சத்தம் கொடுத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து போவார்கள். முஸ்லிம் முதலாளி, சிங்கள லொறிக்காரர், தமிழ் நாட்டாமி. எல்லாருக்கும் எல்லாருடைய மொழியும் வேலைக்குப் போதுமான அளவு வரும்.

என் அப்பாவும் இந்தத் தெருக்களில்தான் சம்பாதித்தார். தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதியக் கிடைக்காத பையன்கள் கொழும்புக்குக் கடை வேலைக்கு இறங்குவது அன்றும் நடந்தது, இன்றும் நடக்கிறது. பதிமூன்று வயதில் வந்து, கடைக்குள்ளேயே படுத்து, தீபாவளிக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் மட்டும் மலைக்குப் போனவர். நாங்கள் நின்றிருந்த இடத்தில் இளைப்பாறிக்கொண்டிருந்த ஒரு நாட்டாமி, பையனின் பேச்சைக் கேட்டுவிட்டு "தம்பி இந்தியாவா?" என்றார். கோத்தகிரி என்றான். "எங்க அத்தை குடும்பம் கூடலூர்ல. எழுபத்தி மூணுல போனாங்க. தபால் நின்னு ரொம்ப வருஷமாச்சு" என்றார். அவர் பொகவந்தலாவைக்காரர். பையன் போனை எடுத்து அந்த அத்தையின் பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டான்.

இரண்டாம் குறுக்குத்தெருவில் சிவப்புப் பள்ளிவாசல். 1909இல் கட்டி முடித்தது. சிவப்பும் வெள்ளையுமாக ஒவ்வொரு கல்லும் தனித்தனியே தெரியும், மாதுளம்பழ வடிவில் குமிழ்கள். இந்திய முஸ்லிம் வியாபாரிகளின் பணம் அது. கப்பலில் வருகிறவர்கள் இந்தக் கோபுரங்களைப் பார்த்துத்தான் கொழும்பு வந்துவிட்டது என்று அறிந்துகொண்டார்களாம்.

அங்கிருந்து செட்டியார் தெரு. இன்றைக்கு இருபுறமும் நகைக்கடைகள், கல்யாண வீட்டுக்காரர்கள் கூட்டம். ஒரு காலத்தில் இது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த தெரு. ஆங்கில வங்கிகள் உள்ளூர் ஆளுக்குக் கடன் கொடுக்காத காலத்தில், அந்த வங்கிகளில் வாங்கி உள்ளூர் ஆளுக்குக் கொடுத்தவர்கள் செட்டியார்கள். தோட்டத் தொழிலாளிக்குச் சம்பளத்தில் கழித்துக்கொண்டு கொடுத்த அரிசி, பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் இவர்களுடைய கணக்கில்தான் இறங்கியது. மலையில் விளைந்தது கீழே இறங்க, மலைக்கு வேண்டிய அரிசி மேலே ஏற, நடுவில் வட்டிக் கணக்கு எழுதிய தெரு இது. அவர்கள் விட்டுப்போனதில் நிலைத்தது பழைய கதிரேசன் கோவிலும் புதிய கதிரேசன் கோவிலும். ஆடிவேல் விழாவில் இங்கிருந்து புறப்படும் தேர் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோவிலுக்குப் போகும்போது வழிநெடுகிலும் சிங்கள வீட்டுக்காரர்களும் தட்டோடு நிற்பார்கள். ஆடி மாதத்தில் வரமுடிந்தால் அதைப் பார்க்காமல் போகாதீர்கள்.

1983 ஜூலையில் புறக்கோட்டையின் தமிழ்க் கடைகள் எரிந்தன. அப்பா வேலை செய்த கடையும் எரிந்தது. அகதி முகாமில் சில வாரம் இருந்தோம். யாழ்ப்பாணத்துக்காரர்களைக் கப்பலில் காங்கேசன்துறைக்கு அனுப்பினார்கள். எங்களுக்குப் போக அப்படியொரு கரையும் இல்லை. அப்பா திரும்பி வந்து பக்கத்துத் தெருவில் இன்னொரு கடையில் சேர்ந்தார். பையனிடம் இதைச் சொன்னபோது நாங்கள் நின்றது அந்த இடத்துக்கு எதிரில். இப்போது அங்கே பிளாஸ்டிக் சாமான் விற்கிறார்கள்.

கொச்சிக்கடைக்கு அங்கிருந்து நடந்தே போகலாம். அந்தோனியார் கோவிலில் செவ்வாய்க்கிழமை என்றால் நிற்க இடமிருக்காது. கத்தோலிக்கத்தை ஒல்லாந்தர் தடைசெய்திருந்த காலத்தில் மறைந்து வாழ்ந்த ஒரு பாதிரியாரைச் சுற்றி உருவான கோவில் இது. பொட்டு வைத்த பெண்களும் மெழுகுதிரி ஏற்றுவார்கள், என் அம்மாவும் ஏற்றினாள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில், இங்கும் இன்னும் பல இடங்களிலும் வெடித்த குண்டுகளில் 250 பேருக்குமேல் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகும் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் குறையவில்லை.

சற்றுத் தள்ளிப் பொன்னம்பலவாணேசுவரர் கோவில். பொன்னம்பல முதலியார் எடுத்த கோவிலை அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுக்கக் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். ஆங்கிலேயரிடம் சேர் பட்டம் வாங்கிய ஒருவர், ஆங்கிலேயர் ஊரின் நடுவில் தஞ்சாவூர்க் கோவில் அளவுக்குக் கனமான கல்லை அடுக்கியிருக்கிறார். உள்ளே போனால் வெளிச் சத்தம் ஒன்றும் கேட்காது, கல்லின் குளிர்ச்சி காலில் ஏறும். கொழும்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

கொம்பனித்தெருவை வேகமாகக் கடந்தோம். ஒல்லாந்தர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த அடிமைகளை இரவில் அடைத்துவைத்த இடம், ஆங்கிலேயர் காலத்தில் மலாய்ச் சிப்பாய்களின் குடியிருப்பு. மலாய்ப் பள்ளிவாசலும் முருகன் கோவிலும் இன்னும் இருக்கின்றன, ஆனால் பழைய வீடுகளை இடித்துக் கண்ணாடி மாடிகள் எழுப்பிவிட்டார்கள். அங்கே இருந்த குடும்பங்களில் நிறையப் பேரை வடகொழும்பின் அடுக்குமாடிகளுக்கு மாற்றிவிட்டார்கள். பார்க்க விரும்பினால் சீக்கிரம் வாருங்கள்.

தேசிய அருங்காட்சியகத்துக்கு மட்டும் அரைநாள் வைத்துக்கொள்ளுங்கள். 1877 முதல் இருக்கிறது. எல்லாரும் கண்டி மன்னரின் சிம்மாசனத்தைப் பார்க்கப் போவார்கள். 1815இல் ஆங்கிலேயர் எடுத்துப்போய் 1934இல் திருப்பித் தந்தது. அதில் கடைசியாக உட்கார்ந்த ஸ்ரீவிக்கிரமராஜசிங்கன் மதுரை நாயக்கர் வழி வந்தவர். கொழும்பில் காவலில் வைத்து, கப்பலேற்றி, வேலூருக்குக் கொண்டுபோனார்கள். 1832இல் அங்கேயே இறந்தார். வேலூரில் பாலாற்றங்கரையில் அவருடைய சமாதி இருக்கிறது. வேலூர்க்காரர்கள் பலருக்கே தெரியாது.

நான் பையனைக் கூட்டிப்போனது இன்னொன்றைக் காட்ட. காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. 1911இல் கண்டுபிடித்தபோது அது ஒரு மதகின் மேல் மூடுகல்லாகக் கிடந்தது. சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டது. உச்சியில் எதிரெதிராக இரண்டு டிராகன்கள். கீழே ஒரு பக்கம் சீனம், மறுபக்கம் தமிழும் பாரசீகமும். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை: பொன், வெள்ளி, பட்டு, சந்தனம், எண்ணெய். எழுத்து தேய்ந்து போயிருக்கிறது. தமிழ் எந்தப் பகுதி என்று கண்ணுக்குப் பிடிபடவே கொஞ்ச நேரம் ஆகும். பையன் குனிந்து, விரலைக் கல்லில் படாமல் காற்றில் நகர்த்தி, ஒரு எழுத்தைப் பிடித்தான், அப்புறம் இன்னொன்று. "தமிழ்தான் சித்தப்பா!" என்று அவன் போட்ட சத்தத்தில் காவலாளி திரும்பிப் பார்த்தார்.

தேனாவரை நாயனாரின் கோவில் தெற்கே தேவந்திரமுனையில் இருந்தது. 1588இல் போர்த்துக்கேயர் அதை இடித்துத் தள்ளினார்கள். காணிக்கைப் பட்டியல் மட்டும் கல்லில் மிஞ்சியிருக்கிறது. வெள்ளைக்காரர் வருவதற்கு முன் இந்தக் கடலோரத்தில் யார் யாரோடு, எந்த மொழியில் பேசினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியை நான் பார்த்ததில்லை. கூலியாக வருவதற்கு வெகுகாலம் முன்பே தமிழ் இங்கே வியாபாரத்தின் மொழியாகவும் வழிபாட்டின் மொழியாகவும் இருந்தது என்பதை எங்கள் மலையகப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் வந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

மாலையில் காலிமுகத்திடல். ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் சீர்படுத்திய திடல் இது. இஸ்ஸோ வடை வாங்கிக்கொண்டு கடலைப் பார்த்து உட்காருங்கள். முழு இறால் ஓட்டோடு வடையில் பதிந்திருக்கும், மேலே வெங்காயமும் மிளகாய்க் குழம்பும். இந்தப் புல்தரையில் 2018 அக்டோபரில் மலையகத்து இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கறுப்புச் சட்டையோடு திரண்டார்கள். ஒரு நாள் சம்பளமாக 1,000 ரூபாய் கேட்டு. கொழும்பின் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வீடுகளிலும் வேலை செய்கிற பிள்ளைகள், மலையில் இருக்கும் தங்கள் தாய்மாருக்காக வந்தார்கள். நானும் போயிருந்தேன். ஒரு பெட்டித் தேயிலைக்குச் சுற்றுலாக் கடையில் கொடுக்கும் விலையை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் கோரிக்கையை நினைத்துப் பாருங்கள். 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில், அதாவது அரசிதழில், வந்தது 2021இல். அடுத்த வருஷமே ரூபாயின் மதிப்பு பாதாளத்துக்குப் போனது. 2022 ஏப்ரலில் தொடங்கி இதே திடலில் மாதக்கணக்கில் கூடாரம் போட்டு உட்கார்ந்தவர்கள், ஜூலையில் ஒரு ஜனாதிபதியை நாட்டைவிட்டே ஓட வைத்தார்கள். அந்தக் கூடாரங்களுக்கு நடுவில் தமிழிலும் தேசிய கீதம் பாடினார்கள்.

திடலின் வடக்கே, முன்பு வெறும் கடலாக இருந்த இடத்தில், சீன நிறுவனம் நிரவிய 269 ஹெக்டேர் துறைமுக நகரம். ஒரு பக்கம் 1885இல் முடிந்த அலைதாங்கி, மறுபக்கம் இது. யார் பணம் போடுகிறார்கள், யாருக்கு லாபம், யார் வேலை செய்யப்போகிறார்கள் என்ற கேள்விகளை அங்கே நின்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஊரில் அவை பழைய கேள்விகள்.

சரி, வருகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். ஞாயிற்றுக்கிழமையும் போயா என்ற பௌர்ணமி விடுமுறை நாளும் புறக்கோட்டைக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், வார நாளில் போங்கள், காலையிலேயே போங்கள். வெள்ளவத்தையில் தங்கினால் தமிழிலேயே எல்லாம் நடக்கும், இடியப்பமும் சொதியும் சம்பலும் தெருவுக்குத் தெரு கிடைக்கும். அங்கிருந்து கோட்டைக்கு ஓட்டோ வேண்டாம், ரயிலில் போங்கள். தண்டவாளம் கடலை ஒட்டியே போகும், கதவோரம் நின்றால் சில இடங்களில் தூறல் முகத்தில் அடிக்கும்.

உங்கள் வீட்டிலும் ஒரு சிலோன்காரத் தாத்தாவோ பாட்டியோ இருந்தால், கிளம்புமுன் அலமாரியைத் தேடிப் பாருங்கள். பழைய கடவுச்சீட்டு, மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, தோட்டத்திலிருந்து வந்த கடிதம், எது கிடைத்தாலும் படமெடுத்துக்கொண்டு வாருங்கள். தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரும் நம் ஆட்கள் வாயில் வேறொரு பெயரும் இருக்கும், இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். தோட்டத்தின் மேல்பிரிவா கீழ்ப்பிரிவா, அதாவது மேற்கணக்கா கீழ்க்கணக்கா என்பதையும் பெரியவர்களிடம் கேட்டுவையுங்கள். கோட்டை ஸ்டேஷனில் பதுளைக் கோச்சியில் ஏறினால் அட்டனில் இறங்கலாம். அங்கே பஸ் நிலையத்தில் தோட்டத்தின் பெயரைச் சொன்னால் போதும், எந்த பஸ், எந்தச் சந்தியில் இறங்க வேண்டும், அங்கே இப்போது உங்கள் ஆட்கள் யார் இருக்கிறார்கள் என்பதுவரை யாராவது சொல்லிவிடுவார்கள். எங்கள் பையனுக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.